இளநிலைக் கணிப்பொறி மொழியியல்: பாடநூல்களின் மொழிநோக்கு குறித்து ஒரு மதிப்பீடு

கணிப்பொறி மொழியியலை இளநிலைப் பட்ட நிலையிலேயே முதன்மைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பு உலகின் சில இடங்களில்தான் உண்டு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க், டியூபிங்கன் முதலிய பல்கலைக்கழகங்கள் இதனை இளநிலைப் பட்டமாகவே வழங்குகின்றன. இந்தியாவில், 1998இல் தொடங்கப்பெற்ற ஐதராபாத்துப் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம், கணிப்பொறியியலில் இளநிலைப் பொறியியற் பட்டத்தையும் கணிப்பொறி மொழியியலில் ஆய்வுவழி முதுநிலைப் பட்டத்தையும் இணைத்து ஐந்தாண்டுப் படிப்பொன்றை நடத்துகிறது. இத்தகைய படிப்புகளுக்குப் புறத்தே, பெரும்பாலான இந்திய மாணாக்கர் இத்துறையைச் சந்திப்பது பொறியியற் கல்லூரியின் இறுதி ஆண்டுகளில், 'இயற்கைமொழிச் செயலாக்கம்' என்னும் ஒரேயொரு விருப்பப் பாடத்தின் வாயிலாகத்தான். பள்ளியோடு தாய்மொழி இலக்கணத்திற்கு விடைகொடுத்துவிட்ட அம்மாணாக்கருக்குச் சொல் என்பது யாது, தொடர் என்பது யாது என்று மீண்டும் எடுத்துரைப்பது அப்பாடத்திற்கு வைக்கப்பெறும் நூலே ஆகும். அவர்தம் மொழியறிவின் எல்லையை அந்நூல் வகுத்துவிடுகிறது.

இது வகுப்பறைக்குள் முடிந்துவிடும் செய்தியன்று. நடுவணரசின் 'பாஷிணி' திட்டம் 2022இல் தொடங்கப்பெற்றது. அட்டவணை மொழிகள் 22க்கும் மொழிபெயர்க்கும் 'இண்டிக்டிரான்ஸ்2' என்னும் மாதிரி 2023இல் வெளிவந்தது. இவை போன்ற கருவிகளை உருவாக்குவோரும் சோதிப்போரும் பத்தாண்டுகளுக்கு முன் இப்பாடத்தைப் பயின்றவர்களே. இன்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் திருத்தவேண்டி வரும் கணிப்பொறி வரைவின் குறைகளுள் சில, அதனை ஆக்கியவர் படித்த நூலின் முதல் இயல்களிலேயே வேர்கொண்டவை. ஆதலின் அந்நூல்கள் மொழியியலாரின் மதிப்பீட்டுக்கு உரியன.

இக்கட்டுரை மூன்று நூல்களை எடுத்துக்கொள்கிறது. அக்ஷர பாரதி, வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோரின் 'இயற்கைமொழிச் செயலாக்கம்: பாணினிய நோக்கு' (1995) முதலாவது. பேர்டு, கிளைன், லோப்பர் மூவரும் எழுதிய 'பைத்தான்வழி இயற்கைமொழிச் செயலாக்கம்' (2009) இரண்டாவது. ஜூராஃப்ஸ்கி, மார்ட்டின் இருவரின் 'பேச்சும் மொழிச் செயலாக்கமும்' (முதற்பதிப்பு 2000) மூன்றாவது. மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. எனினும் எம்மொழியை மனத்திற்கொண்டு எழுதப்பெற்றவை என்று வினவின் மூன்றும் ஒன்றல்ல.

1. பாணினிய நோக்கு

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்த ஆய்விலிருந்து கிளைத்தது 1995ஆம் ஆண்டு நூல். அக்ஷர பாரதி என்பது தனியொருவர் பெயரன்று; ஆய்வுக்குழு தனக்கு இட்டுக்கொண்ட பெயர். இந்திய மொழிகளில் சொல்வரிசை நெகிழ்வானது. தொடருறவை உணர்த்துவது இடமன்று, வேற்றுமையே என்பது இந்நூலின் அடிப்படை. ஆங்கிலத்திற்கென வகுக்கப்பெற்ற தொடரமைப்பு விதிகளை இந்தியின்மேல் ஏற்றி, பொருந்தாதவற்றைப் புறனடை என்று ஒதுக்கும் வழக்கத்திற்கு மாறாக, வினையை நடுவில் வைத்து, அது வேண்டிநிற்கும் காரகங்களை விபக்தியின் துணையால் கண்டறியும் முறையை இந்நூல் கற்பிக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் ஒரு காரக அட்டவணை உண்டு. இன்றியமையாக் காரகம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை நிரப்பப்பெறல் வேண்டும். ஒரு பெயர்த்தொகுதி ஒரே உறவில்தான் நிற்கும். இக்கட்டுப்பாடுகளைக் கணக்காக மாற்றித் தீர்வு காணும் நெறியும் விளக்கப்பெறுகிறது.

தமிழ் மரபில் பயின்றவர்க்கு இந்நோக்கு அயலானதன்று. வினையானது செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனையும் உணர்த்தும் என்பது நன்னூலின் கருத்து. காரகமும் ஆறே. இரண்டும் ஒன்றென்று கொள்ளுதல் பிழை: செயலும் காலமும் காரகங்களல்ல, கொள்வோன் நன்னூலின் ஆறனுள் இல்லை. ஆயினும் வினையிலிருந்து தொடரை நோக்கும் பார்வை இரண்டிற்கும் பொது. இப்பார்வையைக் கணிப்பொறி வகுப்புக்குள் கொணர்ந்தமை இந்நூலின் தனிச்சிறப்பு.

சொல்லாய்விலும் இந்நூல் பயன் தருவது. சொல்வடிவ அட்டவணையிலிருந்து 'நீக்குக, சேர்க்க' என்னும் இணைகளைப் பெற்று, எந்தச் சொல்லிலிருந்தும் அடிச்சொல்லை மீட்கும் முறை அதில் உள்ளது. இந்தி 'லட்கா' என்பதற்குக் கூறப்பெறும் இம்முறை தமிழெழுத்துக்கு எதிர்பாரா வகையில் பொருந்துகிறது. யூனிக்கோடு குறியேற்றத்தில் 'ஊர்' என்பது ஊ, ர, புள்ளி என்னும் மூன்று குறிகள். 'ஊரில்' என்பது ஊ, ர, இகரக்குறி, ல, புள்ளி என்னும் ஐந்து குறிகள். 'ஊர்' என்னும் குறித்தொடர் 'ஊரில்' என்பதனுள் இல்லவே இல்லை. எனவே அகராதிச் சொல்லை அப்படியே தேடும் கணிப்பொறி அதனை அதன் ஏழாம் வேற்றுமை வடிவத்தில் காணாது. இகரக்குறியையும் 'ல்' என்பதையும் நீக்கிப் புள்ளியைச் சேர்த்தால் சொல் மீள்கிறது. உயிர்வரின் ஒற்று அதன்மேல் ஏறிநிற்கும் புணர்ச்சியைப் பள்ளியில் மனப்பாடம் செய்த மாணாக்கர், அதே விதி கணிப்பொறியின் நினைவகத்தில் நிகழ்வதை இங்குக் காணலாம்.

ஆனால் இம்முறையின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். இந்திப் பெயரின் வடிவங்கள் சிலவே. ஆகவே அட்டவணை போதும். தமிழ் வினை துணைவினைகளையும் எச்ச விகுதிகளையும் ஏகார ஓகார உம்மைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது எழுத்து வழக்கில் ஒரு சொல். இத்தகையவற்றை அட்டவணையிடப் புகுந்தால் ஓர் அடிச்சொல்லுக்கே வடிவங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும். அடுக்கு வரிசையை முடிவுறுநிலைக் கருவியாக அமைக்கும் நெறியே இதற்கு உகந்தது. பின்லாந்து மொழிக்காகக் கோஸ்கென்னியெமி 1983இல் வகுத்த இருநிலை உருபனியல் அத்தகையது.

'தனிச்சொற் கூட்டம்' பற்றிய இயலும் இவ்வாறே. 'லட்கே நே' என்று பிரித்தெழுதும் இந்திக்கு, பெயரையும் பின்வரும் உருபையும் ஒன்றாகக் கூட்டுதல் தேவையான முதற்படி. தமிழில் உருபு ஏற்கெனவே சொல்லோடு ஒட்டியுள்ளது. தமிழின் சிக்கல் வினைப்பக்கத்தில் இருக்கிறது. 'வந்து கொண்டிருந்தான்', 'வந்துகொண்டிருந்தான்' இரண்டும் அச்சில் பயில்கின்றன. சொல்லுருபுகளும் அவ்வாறே. இந்நூல் 'இந்திய மொழிகள்' என்று பன்மையிற் பேசினும், அதன் எடுத்துக்காட்டுகளின் நாடி இந்தியில்தான் துடிக்கிறது.

காரக அட்டவணையின் மாற்றுவிதிகளில் இது மேலும் புலப்படும். வினையின் காலம், நிலை, நோக்கு ஆகியவற்றைக் குறிக்கும் ஈறு மாறினால் கர்த்தாவின் விபக்தியும் மாறும் என்பது நூலின் விதி. இறந்தகால முற்றுநிலையில் 'நே' வருதல் அதற்குச் சான்று. அதாவது ஈற்றை அறிந்தால் வேற்றுமையை அறியலாம். தமிழில் 'அவன் போக வேண்டும்' என்பது கட்டாயம். 'அவனுக்குப் போக வேண்டும்' என்பது பெரும்பாலும் அவனுடைய தேவை அல்லது விருப்பம். வினையீறு ஒன்றே, வேற்றுமை இரண்டு, பொருளும் இரண்டு. இங்கு ஈறு வேற்றுமையைத் தீர்மானிக்கவில்லை. வேற்றுமையே ஈற்றின் பொருளைத் தீர்மானிக்கிறது. பாணினிய நோக்கு இதனை விளக்க இயலாதது என்று கூறுவதற்கில்லை. இந்தி மரக்கட்டமைப்புத் தொகுப்பிற்குப் பின்னர் வகுக்கப்பெற்ற குறியீட்டில் 'அனுபவ கர்த்தா' என்னும் தனி உறவு இடம்பெற்றமையே அந்நோக்கு வளரவல்லது என்பதற்குச் சான்று. வினா, 1995 நூலை மட்டும் படித்துத் தேர்வெழுதும் மாணாக்கர் இதனை எங்ஙனம் அறிவார் என்பதே.

மொழிபெயர்ப்பாளர்க்கு இந்நூலில் மிகுதியும் பயன்படும் பகுதி 'அனுசாரகா' பற்றியது. மூலத்தின் செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் தருவது, இலக்குமொழியின் நடை சற்றுச் சிதைந்தாலும் பொறுத்துக்கொள்வது, எஞ்சியதைப் பயிற்சிபெற்ற வாசகரின் அறிவுக்கு விடுவது என்பன அதன் கொள்கை. பெயரெச்சத்தை நோக்கின் இக்கொள்கையின் நுட்பம் விளங்கும். 'இராமன் வெட்டிய மரம்', 'இராமன் வெட்டிய கத்தி', 'இராமன் வெட்டிய இடம்', 'இராமன் வெட்டிய நாள்' என்னும் நான்கிலும் 'வெட்டிய' என்பது ஒரே வடிவம். மரம் செயப்படுபொருள், கத்தி கருவி, இடம் இடமே, நாள் காலம். எச்சம் இவ்வுறவைக் குறிப்பதில்லை. கேட்போர் உலகறிவால் உணர்கின்றனர். ஆங்கிலமோ ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இணைப்புச் சொல்லை வேண்டும். திராவிட மொழிகளிலிருந்து இந்திக்குப் பெயர்க்கும்போதும் இதே இடர் நேரும். புள்ளியியல் மாதிரி ஓர் உறவைத் தானே தேர்ந்து சரளமான தொடரைத் தந்துவிடும். தேர்வு பிழையாயினும் தொடர் பிழையாகத் தோன்றாது. அனுசாரகா அவ்வுறவைத் தேராமல் விட்டது. வணிகச் சந்தையில் இக்கொள்கை வெற்றிபெறவில்லை என்பது உண்மையே. எனினும் மொழிபெயர்ப்பில் எதனை முடிவு செய்கிறோம், எதனை முடிவு செய்யாது விடுகிறோம் என்னும் கேள்வியை இளநிலை மாணாக்கர்முன் இவ்வளவு தெளிவாக வைத்த பிறிதொரு பாடநூலைக் காண்பது அரிது.

2. பைத்தான்வழி நூல்

2009ஆம் ஆண்டு நூலின் வலிமை அதன் செய்முறை. முதற்பக்கங்களிலேயே மாணாக்கர் கணிப்பொறியில் எழுதி விடைகாண்கிறார். நிரலெழுத அஞ்சும் மொழியியல் மாணாக்கர்க்கும், இலக்கணத்திற்கு அஞ்சும் பொறியியல் மாணாக்கர்க்கும் ஒருங்கே துணைசெய்யும் நூல் இது. இலவசமாகக் கிடைப்பதும் இதன் பரவலுக்குக் காரணம்.

அம்முதல் இயல் ஒன்பது நூற்பகுதிகளைக் கையில் தந்து தொடங்குகிறது. ஒன்பதும் ஆங்கிலம். பிறமொழிகள் இல்லாமலில்லை. மனித உரிமைப் பேரறிக்கையின் பன்மொழி வடிவங்களைக் கொண்டு சொல்நீளத்தை ஒப்பிடும் பயிற்சி சிறப்பானது. ஐந்தும் அதற்குக் குறைந்த எழுத்துகளும் கொண்ட சொற்கள் இபிபியோ மொழிப்பகுதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஜெர்மனில் 60, இனுக்டிடுட்டில் 25 என்று அது காட்டுகிறது. ஒட்டுநிலை மொழியென்றால் என்ன என்பதை இலக்கணக் கலைச்சொல் ஒன்றும் இன்றி ஒரு வரைபடம் உணர்த்திவிடுகிறது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே 'சொல்' என்பது இடைவெளிகளுக்கு நடுவில் நிற்பது என்னும் எண்ணத்திற்கு நூல் திரும்பிவிடுகிறது. இலக்கணக் குறியிட்ட இந்திய மொழித் தரவாக வங்காளம், இந்தி, மராத்தி, தெலுங்கு என நான்கு அதனுடன் வருகின்றன. தமிழ் அவற்றுள் இல்லை. இதனை நூலாசிரியர் குற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அன்று எளிதிற் பகிரத்தக்க வடிவில் கிடைத்ததைச் சேர்த்தனர்.

தமிழ் மாணாக்கர் இந்நூலின் முதற்பயிற்சியைத் தம் மொழியில் செய்துபார்த்தால் நிகழ்வது கருதத்தக்கது. 'தமிழ்' என்பதன் நீளம் யாதென்று பைத்தானிடம் வினவினால் 5 என்று விடை வரும். எழுத்து மூன்று, குறி ஐந்து, யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் பைட்டு 15. சொல்லைத் திருப்பியெழுதச் சொன்னால் முகப்பில் ஒரு புள்ளி தனித்து நிற்கும். மகரத்துக்குரிய இகரக்குறி ழகரத்தின்மேல் ஏறிவிடும். ஆங்கிலத்தில் இம்மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பதால் அம்மொழியைக் கொண்டு கற்போர்க்கு எழுத்து, குறி, பைட்டு என்னும் வேறுபாடே தோன்றுவதில்லை. எழுத்து என்பது ஒலியா வடிவா என்று உரையாசிரியர் காலந்தொட்டு வினவிவந்த மரபினர்க்கு இப்பிழையான விடை ஓர் அரிய பாடம். அதனைப் பாடமாக்கும் ஆசிரியர் வாய்த்தாலன்றி, மாணாக்கர் தம் மொழி கணிப்பொறிக்கு ஒவ்வாதது என்று முடிவுகட்டிவிட்டு ஆங்கிலத் தரவுக்குத் திரும்புவர்.

3. பேச்சும் மொழிச் செயலாக்கமும்

மூன்றாவது நூல் இத்துறையின் முதன்மை நூலாக உலகெங்கும் ஏற்கப்பெற்றது. அதன் இரண்டாம் பதிப்பில் 'சொற்களும் மாற்றுக்கருவிகளும்' என்று ஓர் இயல் இருந்தது. உருபன்களின் அடுக்கு, ஒலியன் மாற்றம், முடிவுறுநிலைக் கருவி ஆகியவற்றை அது முறையாகக் கற்பித்தது. துருக்கிமொழியின் மிக நீண்ட சொல்லொன்றை அங்குக் கண்ட தமிழ் மாணாக்கர் எவரும் தம் மொழியை நினையாதிருந்திரார். இணையத்தில் திருத்தம்பெற்று வரும் மூன்றாம் பதிப்பின் வரைவில் அவ்வியல் இல்லை. அதனிடத்தில், தரவில் அடிக்கடி அடுத்தடுத்து வரும் குறிகளை இணைத்துச் சொற்கூறுகளை உருவாக்கும் பைட்டிணை முறை இடம்பெற்றுள்ளது. செரிமானக் குறைவாகக் கருதத்தக்க மாற்றமன்று இது. 2016இல் சென்ரிச்சும் குழுவினரும் இம்முறையை மொழிபெயர்ப்புக்குக் கொணர்ந்தபின் துறை முழுவதும் அதன்வழிச் சென்றது. 2025ஆம் ஆண்டு வரைவில் உருபன் பற்றியும் யூனிக்கோடு பற்றியும் பகுதிகள் சேர்ந்துள்ளமையும் பாராட்டத்தக்கது.

எனினும் இழப்பு ஒன்று உண்டு. இணைமுறை தரும் கூறுகள் நிகழ்வெண்ணின் விளைவு. உருபன்கள் பொருளின் விளைவு. தரவு மிகுந்த ஆங்கிலத்தில் இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன. தமிழிலோ 'ஊரில்', 'பள்ளியில்', 'வீட்டில்' என்னும் மூன்றிலும் உள்ள ஒரே உருபு, உடம்படுமெய்யோடும் ஒற்றிரட்டலோடும் கலந்து வெவ்வேறு துண்டுகளாக வெட்டுண்ணலாம். மாதிரி பெரிதாயின் இதனைத் தானே கற்றுக்கொள்ளும் என்பர் சிலர். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மாதிரி கற்றுக்கொண்டதா இல்லையா என்று சோதிப்பவர்க்கு உருபனியல் தெரிந்திருத்தல் வேண்டுமே. அவ்வறிவை ஊட்டிய இயலைத்தான் நூல் விலக்கியது. எமிலி பெண்டர் 2013இல் வெளியிட்ட, உருபனியலும் தொடரியலும் பற்றிய நூறு குறும்பகுதிகள் கொண்ட நூல் இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்புகிறது. எம்மொழித் தரவைக் கொண்டு ஆய்ந்தனர் என்பதை ஆங்கிலமாயினும் பெயர்சுட்டிக் கூறவேண்டும் என்று அவர் வலியுறுத்தியது பின்னர் அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்கலாயிற்று. முதற்பாடநூல்களுக்கும் அவ்விதி பொருந்தும்.

சோதனை பற்றிய பகுதியில் இக்குறை மொழிபெயர்ப்பாளரை நேரே தாக்குகிறது. 2002இல் அறிமுகமான 'புளூ' அளவை, கணிப்பொறியின் தொடரிலுள்ள சொற்றொகுதிகள் முன்மாதிரித் தொடரில் எத்தனை உள்ளன என்று எண்ணுவது. முன்மாதிரி 'அவன் நேற்று வீட்டிலிருந்து வந்தான்' எனவும், கணிப்பொறி தந்தது 'அவன் நேற்று வீட்டில் இருந்து வந்தான்' எனவும் கொள்க. பொருளில் எள்ளளவும் வேறுபாடில்லை. ஆனால் தனிச்சொல் ஒப்பு ஐந்தில் மூன்று. இருசொல் ஒப்பு நான்கில் ஒன்று. முச்சொல் ஒப்பும் நாற்சொல் ஒப்பும் சுழி. நான்கையும் பெருக்கிக் காணும் இவ்வளவையில் அத்தொடரின் மதிப்பும் சுழியாகிறது. இவ்வளவை தொகுப்பு முழுமைக்கும் சேர்த்துக் கணிக்கப்பெறுவதால் சுழி வெளியில் தெரியாது. மதிப்பு மட்டும் குறையும். அக்குறைவு மொழிபெயர்ப்பின் குறையா, இடைவெளியின் குறையா என்று எவரும் வினவுவதில்லை. எழுத்துத்தொகுதிகளை எண்ணும் 'கேரக்டர் எஃப்' அளவையைப் பொப்போவிச் 2015இல் முன்வைத்தமைக்கு ஒட்டுநிலை மொழிகளின் இத்தகைய இடர்ப்பாடுகளே வலுவான நியாயம் ஆகின்றன. வகுப்பில் முதலில் கற்பிக்கப்பெறுவது இன்றும் புளூவே.

4. வகுப்பறைக்குரிய தரவு

தமிழ் எடுத்துக்காட்டுகளைத் தேட விரும்பும் ஆசிரியர்க்கு இன்று ஓரளவு வசதி உண்டு. அனைத்துமொழிச் சார்புத் தொகுப்பில் தமிழுக்கு இரண்டு மரக்கட்டமைப்புத் தொகுப்புகள் உள்ளன. பிராகு நகர்ப் பல்கலைக்கழகத்தில் உருவானதில் 600 தொடர்கள். தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டுத் தமிழ் இலக்கண நூலிலிருந்து எடுத்த தொடர்களைக் கொண்ட மற்றொன்றில் 534. பின்னது இலக்கண விளக்கத்திற்கென அமைந்த குறுந்தொடர்களால் ஆனது. செய்தித்தாள் நடைக்கு அது சான்றாகாது. ஆங்கிலத்திற்கு 1993இல் வெளிவந்த பென் தொகுப்பின் செய்தித்தாள் பகுதி மட்டுமே ஏறத்தாழ 10 இலட்சம் சொற்கள் கொண்டது.

முப்பது மாணாக்கர் கொண்ட ஒரு வகுப்பு, ஆளுக்கு நாற்பது தொடர் என ஒரு பருவத்தில் குறியிட்டால் 1,200 தொடர்கள் சேரும். மேற்கூறிய இரண்டு தொகுப்பையும் கூட்டினாலும் 1,134தான். ஒவ்வொரு தொடரையும் இருவர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடுவதென்றால் எண்ணிக்கை பாதியாகும், பயன் இருமடங்காகும். அங்ஙனம் ஒப்பிடும்போது கருத்து வேறுபாடு முதலில் எழுவது எழுவாய், செயப்படுபொருள் போன்ற பெரிய உறவுகளில் அன்று. 'வந்து கொண்டிருந்தான்' என்பதற்குக் குறி ஒன்றா இரண்டா, 'வீட்டில் இருந்து' என்பதில் 'இருந்து' வினையெச்சமா சொல்லுருபா, 'எனக்குத் தெரியும்' என்பதில் எழுவாய் உண்டா இல்லையா என்பனவற்றில்தான் மாணாக்கர் முதலில் மாறுபடுவர். மேற்கண்ட மூன்று பாடநூல்களிலும் இவற்றுக்கு நேர்விடை இல்லை. தொல்காப்பிய வேற்றுமையியலையும் லேமனையும் அருகருகே விரித்துவைத்தே வகுப்பு அவற்றைத் தீர்க்கவேண்டும்.